இன்ஜெக்டர் (இன்ஜினுக்குள் டீசலைப் பீச்சுகிற கருவி) தேய்ந்துவிட்டது என்கிறார் மெக்கானிக், டீசலில் அப்படி என்னதான் இருக்கிறது?

தண்டையார்பேட்டை லோடு வண்டி:
தினமும் எண்ணூர் பக்கம் ஓட்டம், காமன் ரயில் வண்டி (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து அதிக அழுத்தத்தில் டீசல் போகும்), காலையில் ஸ்டார்ட் ஆக முரண்டு பிடிக்கிறது. இரும்பையே தேய்க்கிற அளவுக்கு டீசலில் என்ன இருக்கும்?

ராயபுரம் டீசல் மெக்கானிக்:
கண்ணுக்குத் தெரியாத மண்துகள்தான் அண்ணே. இன்ஜெக்டருக்குள் ஊசி ஓடுகிற இடைவெளியே 2, 3 மைக்ரான்தான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்), தலைமுடி சுமார் 70 மைக்ரான். அந்த அளவுத் துகள் 1,600 பார் அழுத்தத்தில் நுழைந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி கோடு விழும், அப்புறம் டீசல் டேங்க்குக்குத் திரும்புகிற ரிட்டர்ன் குழாய் பக்கம் கசிந்து, ரயில் என்கிற அந்தப் பொதுக் குழாயில் அழுத்தம் ஏறாது, வண்டி திணறும். ரிட்டர்ன் அளவைச் சோதிக்காமல் இன்ஜெக்டரை மாற்றவே மாற்றாதீர்கள்.

எர்ணாவூர்க்காரன்:
தண்ணீரை விட்டுவிட்டீர்களே! டீசலை அழுத்தித் தள்ளுகிற பம்புக்கு உயவே டீசல்தான், தண்ணீர் கலந்தால் அந்தப் படலம் அறுந்து இரும்பும் இரும்பும் உரசும், துருவும் பிடிக்கும். நம்ம பக்கம் கடல்காற்றில் ஈரம் அதிகம், பாதி டேங்க்கோடு ராத்திரி நிறுத்தினால் உள்ளே நீர் கோக்கும். ஃபில்டர் அடித்திருகைத் தளர்த்திக் கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள், தண்ணீர் அடியில் தனியாக நிற்கும். இரும்புத்தூள் மினுக்கினால் பம்பையும் பிரித்துப் பார்க்கணும்.

தண்டையார்பேட்டை லோடு வண்டி:
பிடித்தேன், அடியில் ஒரு விரற்கடை தண்ணீர், தூள் இல்லை. மலிவான ஃபில்டர் போடலாமா?

ராயபுரம் டீசல் மெக்கானிக்:
வேண்டவே வேண்டாம், கம்பெனி ஃபில்டரே போடுங்கள். புதுசு மாட்டும்போது டீசலை மேலே ஊற்றி நிரப்பாதீர்கள், அழுக்கு நேராக பம்புக்குப் போகும்.