மழை தொடங்கியதும் அலுமாரி லாச்சிகள் இறுகிவிட்டன, உதவி தேவை

தருமபுரம் (கேட்டவர்)

வணக்கம். கிளிநொச்சி தருமபுரத்திலிருந்து எழுதுகிறேன். அம்மாவின் அறைக்கென்று நான்கு லாச்சி (இழுப்பறை) உள்ள அலுமாரி ஒன்றை வைகாசியில் வாங்கினோம். பலகை பலகையாகப் பெட்டியில் வந்ததை நானும் தம்பியும் தாளில் இருந்த படத்தைப் பார்த்து ஒரு பின்னேரத்தில் பூட்டி முடித்தோம். அப்போது விரலால் தள்ளினாலே லாச்சி உள்ளே போகும்.

ஐப்பசி மழையோடு பிரச்சினை தொடங்கியது. மேல் லாச்சி பரவாயில்லை. இரண்டாவதும் மூன்றாவதும் வலது பக்கம் முன்னே, இடது பக்கம் பின்னே என்று கோணிக்கொண்டு பாதியில் நிற்கின்றன. அடி லாச்சி இழுபடவே இல்லை. அம்மாவுக்கு வயது 71. முந்தநாள் இரண்டு கையாலும் பிடித்து இழுத்ததில் கைபிடி கழன்று கையோடு வந்துவிட்டது. பின்னுக்குச் சாய்ந்து கட்டிலில் விழுந்தார். நல்லவேளை, அடிபடவில்லை.

இரண்டாவது லாச்சியில்தான் காணிப் பெர்மிட், எங்கள் பிறப்புச் சான்றிதழ்கள், அம்மாவின் கிளினிக் கொப்பி எல்லாம் இருக்கின்றன. 2009இல் வீட்டையும் சாமான்களையும் விட்டு வந்தபோது அம்மா கைவிடாமல் கொண்டுவந்த பொலித்தீன் பையும் அதற்குள்தான். அது கைக்கு எட்டாவிட்டால் அவருக்கு நித்திரை வராது. செவ்வாய்க்கிழமை கிளினிக் வேறு.

மழைக்குப் பலகை ஊதிவிட்டது என்று நினைக்கிறேன். சான்ட் பேப்பரால் தேய்க்கலாமா?

வட்டக்கச்சி

எங்கள் வீட்டிலும் மாரியில் இப்படித்தான். பக்கத்தைக் கொஞ்சம் தேய்த்துவிட்டுத் தேங்காய் எண்ணெய் பூசுங்கள், ஓடும்.

மல்லாவி ஓடாவி

தங்கச்சி, தேய்க்க வேண்டாம். ஒரு இடத்திலும் சான்ட் பேப்பரை வைக்காதீர்கள். வட்டக்கச்சித் தம்பி சொன்னது முதிரை, தேக்கு லாச்சிக்குச் சரி. மாரியில் ஊதி, பங்குனி வெயிலில் பழையபடி சுருங்கும் மரம் அது. உங்களுடையது மரத்தூளையும் சீவலையும் பசை போட்டுச் சூட்டில் அழுத்திய பலகை. மேலே இருக்கும் வழுவழுப்பான தோல் கடதாசி அளவு மெல்லியது. அந்தத் தோல் போனால் உள்ளே இருக்கும் தூள் காற்றின் ஈரத்தையும் குடிக்கத் தொடங்கும்.

முதலில் கிளினிக் கொப்பி. மேல் லாச்சி ஓடுகிறது என்றீர்கள். அதை முழுதாகக் கழற்றி எடுங்கள். நடுவில் குறுக்குப் பலகை இல்லாவிட்டால் அந்த இடைவெளியால் கையை விட்டு இரண்டாவது லாச்சிக்குள் இருப்பதை எடுத்துவிடலாம். இன்றைக்கே எடுத்து அம்மாவிடம் கொடுங்கள்.

அப்புறம் எனக்கு மூன்று விசயம் சொல்லுங்கள்.

பூட்டிய பிறகு அலுமாரியை இடம் மாற்றினீர்களா?

லாச்சி ஓடுவதற்கு அதன் பக்கத்தில் பூட்டியிருக்கும் தகடு எப்படிப்பட்டது? வெள்ளை நிறத்தில் சின்ன பிளாஸ்ரிக் சில்லு வைத்ததா, குண்டு போட்டு நீளமாக இழுபடும் வெள்ளித் தகடா?

முன்பக்கம் மேல் இடது மூலையிலிருந்து கீழ் வலது மூலைக்கு அளவு நாடாவைப் பிடித்து அளவுங்கள். பிறகு மற்ற இரண்டு மூலைக்கும். இரண்டு கணக்கையும் எழுதுங்கள்.

தருமபுரம் (கேட்டவர்)

மிக்க நன்றி அண்ணை. கை நுழைந்தது. கொப்பியும் பையும் இப்போது அம்மாவின் தலையணைக்குக் கீழே.

ஓம், இடம் மாற்றினோம். முன்பு ஹோலில் இருந்தது. ஐப்பசியில் அந்தப் பக்கக் கூரை ஒழுகியதால் நானும் தம்பியும் அறைக்குள் இழுத்துக்கொண்டு போனோம். லாச்சிகளைக் கழற்றவில்லை, உடுப்போடுதான் இழுத்தோம். நீங்கள் கேட்கும் வரை இதை யோசிக்கவே இல்லை.

தகடு வெள்ளை, சில்லு வைத்தது. அளவு: ஒரு மூலை 123.7 சென்ரிமீற்றர், மற்றது 124.6.

மல்லாவி ஓடாவி

அப்ப உங்கள் லாச்சியில் பெரிய குற்றம் இல்லை. கூடு, அதாவது லாச்சிகளைத் தாங்கும் வெளிப்பெட்டி, கோணிவிட்டது.

இரண்டு மூலை அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். 9 மில்லிமீற்றர் வித்தியாசம் என்றால், உங்கள் அலுமாரி அளவுக்கு மேல்பக்கம் கீழ்பக்கத்தை விட ஏறக்குறைய 7 மில்லிமீற்றர் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது. லாச்சிக்கும் பக்கப் பலகைக்கும் நடுவே தகடு இருக்க விடும் இடமே பக்கத்துக்கு 12.5 மில்லிமீற்றர்தான். கூடு சாய்ந்தால் தகடுகளும் சரிந்து நிற்கும். லாச்சி எப்படி நேராக ஓடும்?

இந்த வகை அலுமாரியை நேராகப் பிடித்துவைத்திருப்பது பக்கப் பலகைகள் இல்லை. பின்னால் அடித்திருக்கும் 3 மில்லிமீற்றர் ஹாட்போட் அட்டைதான். ஓரமாய் மறைந்து நிற்பதால் ஒருவரும் அதை மதிப்பதில்லை. சீமெந்துத் தரையில் பாரத்தோடு இழுக்கும்போது கால் தடக்கும், மேல்பக்கம் முன்னே போகும், அட்டையின் ஆணிகள் ஒரு ஓரத்தில் இளகும். பின்பக்கம் ரொச் அடித்துப் பாருங்கள், ஒரு ஓரத்தில் அட்டை விலகி நிற்கும் என்று நினைக்கிறேன்.

திருத்துவது இப்படி. எல்லா லாச்சியையும் கழற்றுங்கள். இந்தச் சில்லு வகையை முடிந்தவரை இழுத்து, முன்பக்கத்தை மேலே தூக்கினால் கழன்று வரும். கூட்டை இரண்டு பேர் தூக்கி (இழுக்க வேண்டாம்) பாயில் முகம் குப்புறப் படுக்கவையுங்கள். இளகிய பக்கத்து ஆணிகளைக் குறட்டால் பிடுங்குங்கள். பக்கப் பலகைக்குள் வட்டமாகத் தெரியும் பூட்டுகளை ஸ்குறூ ட்ரைவரால் வலஞ்சுழியாக இறுக்குங்கள். அவை அரைச் சுற்று, கொஞ்சம் கூட, அவ்வளவுதான் திரும்பும். கை பாரமாக உணர்ந்ததும் நிறுத்துங்கள், பலம் கொடுத்தால் பலகை பிளந்து பூட்டு வெளியே வந்துவிடும்.

இப்போது மூலை அளவு. நீளமாக இருக்கும் மூலைகள் இரண்டையும் ஒருவர் உள்நோக்கித் தள்ள, மற்றவர் நாடாவைப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒன்றானதும் அப்படியே பிடித்துக்கொண்டு அட்டையை அடியுங்கள். பழைய துளையில் அடிக்க வேண்டாம், ஒரு விரல் தள்ளி, நான்கு விரலுக்கு ஒரு ஆணி. மூலைகளில் ஆணிக்குப் பதில் வொசர் போட்ட சின்ன ஸ்குறூ வைத்தால் இன்னும் நல்லது.

நிமிர்த்திய பிறகு தரையைப் பாருங்கள். அறைத் தரை வாசல் பக்கம் சரிவாக இருந்தால் நீங்கள் நேராக்கியதைத் தரை திரும்பவும் கோணலாக்கும். ரசமட்டம் இருந்தால் வையுங்கள், இல்லாவிட்டால் ஒரு மாபிள் குண்டை மேலே வைத்தால் சரிவு எந்தப் பக்கம் என்று தெரியும். தாழ்ந்த காலுக்குக் கீழே ரப்பரோ பிளாஸ்ரிக்கோ ஆப்பாக வையுங்கள். கடதாசி மட்டை வேண்டாம், தரை கழுவும் தண்ணீரில் ஊறும்.

தேங்காய் எண்ணெயும் வேண்டாம். நம்முடைய கிரவல் வீதித் தூசி எண்ணெயில் ஒட்டி ஒரு மாதத்தில் சில்லைச் சுற்றிச் சிவப்புக் களியாகும். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தகட்டைத் துப்பரவாக்கி, சில்லு ஓடும் பாதையைக் காய்ந்த துணியால் துடையுங்கள், போதும். எண்ணெய் கேட்கும் சாமான் இல்லை அது. (மர லாச்சி என்றால் மெழுகுதிரியைத் தேய்க்கலாம். சவர்க்காரம் ஈரம் இழுக்கும்.)

செட்டிகுளம்

அக்கா, ஒன்றையும் சேர்த்துப் பாருங்கள். அந்த வெள்ளைத் தகடுகளில் ஆங்கிலத்தில் இரண்டெழுத்து குத்தியிருக்கும்: சீ எல், சீ ஆர், டீ எல், டீ ஆர். சீ என்றால் கூட்டில் பூட்டுவது, டீ என்றால் லாச்சியில் பூட்டுவது. எல் இடது, ஆர் வலது. சோடியில் ஒரு பக்கத் தகடு சில்லை மடித்துப் பிடிக்கும், மற்றப் பக்கம் சும்மா ஏந்தும். நான் என் கண்ணாடி மேசையில் ஒன்றை மாற்றிப் பூட்டி, ஒரு வருசம் முழுக்க அந்த லாச்சியோடு போராடினேன். கழற்றிய கையோடு எழுத்தைப் பார்த்துவிடுங்கள்.

கைபிடி கழன்ற இடத்துக்கு உள்ளேயிருந்து அகலமான வொசர் ஒன்று போட்டு இறுக்குங்கள், திரும்ப வராது.

தருமபுரம் (கேட்டவர்)

ஞாயிற்றுக்கிழமை முழுதும் இதோடுதான். ஓடாவி அண்ணை சொன்னபடியே பின் அட்டை இடது ஓரத்தில் ஒரு விரல் நுழையும் அளவுக்கு விலகி நின்றது. ஐந்து ஆணி துளையை விட்டே வந்துவிட்டன. திரும்ப அடித்த பிறகு 124.1, 124.2. தாழ்ந்த காலுக்குக் கீழே பழைய சைக்கிள் ரயரிலிருந்து வெட்டிய துண்டு வைத்தேன். எழுத்துகளும் சரி பார்த்தேன் தங்கச்சி, மாறவில்லை.

இரண்டாவது லாச்சி முன்போல ஓடுகிறது. மூன்றாவது நேராக வருகிறது, ஆனால் கடைசி ஒரு சாண் உள்ளே போகும்போது எதிலோ உரசுகிறது. அடி லாச்சி இன்னும் இறுக்கம்தான்.

மல்லாவி ஓடாவி

மூன்றாவதைக் கழற்றிக் கவிழ்த்துப் பாருங்கள். அடி அட்டை தொய்ந்து நடுவில் வயிறு வைத்திருக்கும், அல்லது தகட்டின் ஸ்குறூ ஒன்று சரிவாக இறங்கித் தலை வெளியே நிற்கும். கூட்டில் இருக்கும் தகட்டை நகத்தால் தடவிக்கொண்டு போங்கள், தடக்கும் இடம் தெரியும்.

ஸ்குறூ என்றால் கழற்றி நேராகப் போடுங்கள். துளை பெருத்துப்போயிருந்தால், மருந்து முறித்த தீக்குச்சி இரண்டை மரம் ஒட்டும் வெள்ளைப் பசையில் தோய்த்துத் துளைக்குள் செருகி, மட்டமாக முறித்து, ஒரு இரவு காயவிட்டு, பிறகு ஸ்குறூ. ஈர்க்கை அப்படியே வைக்காதீர்கள், தோல் வழுக்கும், பசை பிடிக்காது. 16 மில்லிமீற்றரை விட நீளமான ஸ்குறூ வேண்டாம், பக்கப் பலகையைத் துளைத்து மறுபக்கம் வரும்.

தொய்வு என்றால் அட்டையை உருவி, வயிறு மேலே வரும்படி திருப்பிப் போட்டு, அட்டை செருகும் காடிக்குள் (பள்ளக்கோட்டுக்குள்) பசை விடுங்கள். நடுவில் முன்னிருந்து பின்னுக்கு ஒரு மெல்லிய சட்டம் ஒட்டினால் சேலைப் பாரத்தைத் தாங்கும். சட்டம் கீழ் லாச்சியில் உள்ளதைத் தொடாத அளவுக்கு மெல்லிதாக இருக்கட்டும்.

அடி லாச்சியின் முகப்புப் பலகையைக் கீழ் விளிம்பில் இரண்டு விரலால் பிடித்துப் பாருங்கள். மேல் விளிம்பை விடத் தடிப்பாக இருக்கிறதா?

தருமபுரம் (கேட்டவர்)

இருக்கிறது. கீழ் விளிம்பு பிஸ்கட் தேத்தண்ணீரில் நனைந்ததுபோல் உப்பி, கீழே உள்ள பலகையில் முட்டுகிறது. தரை கழுவும்போது அந்தப் பக்கம்தான் தண்ணீர் போகும்.

முள்ளியவளை

அது திரும்பாது அக்கா. 2018 மார்கழி வெள்ளத்தில் எங்கள் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். அப்பாவின் பாலை மரப் பெட்டி வெயிலில் காய்ந்து பழையபடி பூட்டுப் போடக்கூடியதாக வந்தது. அதே அறையில் நின்ற, உங்களுடையதைப் போன்ற சீவல் பலகை அலுமாரியின் அடி, காய்ந்த பிறகும் ஊதிய அளவிலேயே நின்றது.

மல்லாவி ஓடாவி

தங்கச்சி சொல்வது சரி. அழுத்தி வைத்த சீவல் தண்ணீர் பட்டால் நிமிர்ந்துவிடும், பிறகு அதை அழுத்த ஆளில்லை. இந்த ஒரு இடத்தில் மட்டும் தேய்க்கலாம், ஆனால் இப்போது இல்லை. ஈரமாகத் தேய்த்தால் பிய்யும். நன்றாகக் காய்ந்த பிறகு உப்பியதை மட்டும் தேய்த்து, அன்றைக்கே அந்த விளிம்புக்கு வார்னிஷ் இரண்டு தரம் பூசுங்கள். அல்லது முகப்பை உள்ளேயிருந்து பிடிக்கும் ஸ்குறூக்களை இளக்கி, துளையைக் கொஞ்சம் பெருப்பித்து, முகப்பை 2 மில்லிமீற்றர் உயர்த்திப் பூட்டுங்கள். நான் இரண்டாவதைத்தான் செய்வேன்.

கடைசியாக ஒன்று. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் மேல்பக்கத்தை எல் வடிவத் தகட்டால் சுவரோடு பிடித்துவிடுங்கள். திறந்த லாச்சியில் பிள்ளை கால் வைத்தால் இந்த வகை அலுமாரி அப்படியே முன்னுக்கு விழும்.

தருமபுரம் (கேட்டவர்)

அக்காவின் மகனுக்கு மூன்று வயது, ஏறுகிற பிள்ளைதான். நேற்றே சுவரில் துளை போட்டுப் பிடித்தாயிற்று.

மூன்றாவதில் குற்றம் ஸ்குறூத் தலை. பின்பக்கம் கடைசி ஸ்குறூ சரிந்து நின்றது, லாச்சித் தகட்டில் கறுப்புக் கீறல் விழுந்திருந்தது. தீக்குச்சி வைத்துத் திருப்பிப் போட்டேன். இப்போது சத்தமே இல்லை.

இன்று காலை அம்மா இரண்டாவது லாச்சியை ஒரு கையால் இழுத்து, பொலித்தீன் பையை வைத்து, மூடி, திரும்ப ஒருதரம் திறந்து பார்த்துவிட்டு கிளினிக்குக்குப் போனார். அடி லாச்சியின் முகப்பை மழை விட்டு மாசியில் உயர்த்துகிறேன். அதுவரை அதில் போர்வைகள் மட்டும்.