கல்யாண கேசட்: மூன்று மணி நேரத்தையும் கணினியில் ஏற்ற வேண்டுமா, வெட்டி ஏற்றினால் போதாதா?

பொன்மலைவாசி:
அப்பா அம்மா கல்யாணம் 1992-இல் நடந்தது. ஒரே ஒரு வி.எச்.எஸ். வீடியோ கேசட், மூன்று மணி நேரம். ஸ்டுடியோவில் கேட்டால் டிவிடியில் போட்டுத் தருகிறேன் என்கிறார்கள். எனக்கு டிவிடியும் வேண்டாம், மூன்று மணி நேரமும் வேண்டாம். வரவேற்பில் கவர் கொடுத்துவிட்டு கேமராவைப் பார்த்து அசையாமல் நிற்கிறவர்களே பாதி கேசட்டுக்கு ஓடுகிறார்கள். ஏற்றும்போதே நாற்பது நிமிடமாகச் சுருக்கி, ஏஐ போட்டு 4கே ஆக்கி வாங்கிக்கொண்டு, கேசட்டைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்றிருக்கிறேன். இதில் என்ன தப்பு?

டெக்_ரிப்பேர்:
ஏற்றுவது ஒரு வேலை, வெட்டுவது வேறு வேலை. இரண்டையும் ஒன்றாகச் செய்யச் சொன்னால், எது வேண்டும் எது வேண்டாம் என்று உங்கள் குடும்பத்தையே தெரியாத ஒரு பையன் கடையில் உட்கார்ந்து முடிவு செய்வான். கவர் கொடுக்கிற வரிசையில் இப்போது உயிரோடு இல்லாதவர்கள் எத்தனை பேர் என்று உங்கள் அம்மாவைக் கேட்டுப் பாருங்கள். முழுசாக ஏற்றுங்கள், ஹுஃப்யுவ் (HuffYUV) மாதிரி, தரம் குறையாமல் வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கும் முறையில். மணிக்கு 30 ஜி.பி. பக்கம் வரும், கேசட் முழுக்க 100 ஜி.பி.க்குள் அடங்கிவிடும். இன்றைய ஹார்ட் டிஸ்க்குக்கு அது ஒரு அளவே இல்லை. அதற்கப்புறம் நாற்பது நிமிடம் என்ன, நாலு நிமிடமாகவும் வெட்டிக்கொள்ளுங்கள்.

எடிட்டர்_மாப்ள:
அண்ணா, இப்படிச் சொல்லிச் சொல்லியே பாதிப் பேர் கேசட்டைப் பீரோவில் வைத்து நாசமாக்குகிறார்கள். நல்ல டெக் (கேசட் ஓட்டும் வி.சி.ஆர்.) வேண்டும், சிக்னலைச் சீராக்கும் டைம் பேஸ் கரெக்டர் வேண்டும், கணினிக்குள் வீடியோவை வாங்கும் அந்த கேப்சர் கார்டு ஆகாது என்று பட்டியல் போட்டால் சாதாரண ஆள் என்ன செய்வான்? ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் வி.சி.ஆர். தயாரிப்பை நிறுத்தியது. அதோடு புது டெக் என்ற பேச்சே முடிந்தது. இருக்கிற பழைய டெக்கும் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கிறது. விலை குறைந்த யு.எஸ்.பி. கார்டில் ஏற்றினாலும் பரவாயில்லை, இன்றைக்கே ஏற்று என்பதுதான் என் கட்சி. யாருமே பார்க்காத 100 ஜி.பி.யை விட, தீபாவளிக்கு டிவியில் போட்டு எல்லோரும் பார்க்கிற நாற்பது நிமிடம் மேல்.

டெக்_ரிப்பேர்:
சீக்கிரம் ஏற்ற வேண்டும் என்பதில் எனக்கும் சண்டை இல்லை தம்பி. ஆனால் விலை குறைந்த கார்டில் சத்தம் ஒரு பக்கம், உதடு ஒரு பக்கம் போவதை நீங்கள் பார்த்ததே இல்லையா? பழைய டேப்பிலிருந்து வரும் சிக்னல் சீராக இராது, கார்டு ஃபிரேமைத் தவறவிடும். ஒரு மணி நேரம் போனால் தாலி முன்னால் ஓடும், நாதஸ்வரம் பின்னால் வரும்.

இன்னொன்று. நம் ஊர் பால் (PAL) முறை வீடியோவில் நொடிக்கு 25 ஃபிரேம், ஒவ்வொன்றிலும் இரண்டு ஃபீல்டு (ஒன்றுவிட்டு ஒன்றாக வரும் கோடுகளால் ஆன பாதிப் படம்), ஆக அசைவு 50 தடவை பதிவாகியிருக்கிறது. கடைக்காரர் அதை 25 ஆக்கித் தந்தால் பாதி அசைவு போச்சு. தாலி கட்டும் நேரத்தில் அட்சதை விழுவதை நிறுத்திப் பாருங்கள், அரிசிக்குப் பதில் வெள்ளைக் கோடு கோடாகத் தெரியும், கை ஓரமெல்லாம் சீப்புப் பல் மாதிரி பிரிந்து நிற்கும். ஃபீல்டு கலையாமல் ஏற்றிவிட்டு, பிறகு கியூடிஜிஎம்சி (QTGMC, ஃபீல்டை முழு ஃபிரேமாக்கும் மென்பொருள்) போட்டு 50 ஃபிரேமாக எடுத்தால் அரிசி அரிசியாகவே விழும்.

கோமதி_மதுரை:
எனக்கு அந்த 4கே சமாச்சாரம்தான் பயம். வி.எச்.எஸ்.ஸில் இருப்பதே சுமார் 240 கோடு விவரம், நிறத்தில் அதைவிட எவ்வளவோ கம்மி. பந்தியில் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிற பாட்டியின் முகம் திரையில் கட்டைவிரல் நகம் அளவுதான். ஏஐ அதைத் தெளிவாக்குவதில்லை, புதுசாக ஒரு முகத்தை வரைகிறது. எங்கள் வீட்டு வீடியோவில் பெரியம்மாவுக்கு யாரோ ஒரு விளம்பரப் பெண்ணின் கண் வந்து உட்கார்ந்துவிட்டது, அம்மா பார்த்துவிட்டு இது யாரு என்று கேட்டார்கள். அப்புறம், 4:3 படத்தை இழுத்து அகலத் திரைக்கு நிரப்பாதீர்கள், மாப்பிள்ளை மூக்கும் விரியும், மாலையும் விரியும். இரண்டு பக்கமும் கறுப்பு இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

எடிட்டர்_மாப்ள:
4கே வீண் என்பது சரி, அதை ஒத்துக்கொள்கிறேன். வெட்டுவது பாவம் என்பதைத்தான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்தக் காலத்து வீடியோகாரர் இதயத்துக்குள் மணமக்களைச் சுழலவிட்டு, கல்யாணச் சத்தத்தை அழித்துவிட்டு மேலே சினிமாப் பாட்டைப் போட்டது மட்டும் எடிட்டிங் இல்லையா? உங்கள் கையில் இருப்பதே ஒருத்தர் வெட்டி ஒட்டியதுதான். அப்படியே யூடியூபில் ஏற்றினால் பாட்டுக்காக உரிமைக் கோரல் வரும், சத்தத்தை அடைத்தாலும் அடைப்பார்கள். எப்படிப் பார்த்தாலும் அதில் கை வைத்தே ஆக வேண்டும்.

டெக்_ரிப்பேர்:
வையுங்கள், நகலில் வையுங்கள். பாட்டு ஓடாத இடங்களில் மைக்கில் யாரோ மொய் வாசிப்பது, பரிமாறுகிறவர் சத்தம் போடுவது எல்லாம் இருக்கும், அதை அழித்துவிடாதீர்கள். படத்தின் அடியில் கிழிந்த மாதிரி ஒரு பட்டை ஆடும். அது கோளாறு இல்லை, டேப்பைப் படிக்கிற ஹெட் மாறுகிற இடம். பழைய டிவி சட்டத்துக்குள் மறைந்திருந்தது, இப்போது வெளியே தெரிகிறது. அதைக் கறுப்பால் மூடினால் போதும்.

பொன்மலை, முதலில் ஒன்று செய்யுங்கள். கேசட்டின் ஜன்னல் வழியே வெளிச்சத்தில் சுருளைப் பாருங்கள். ஓரத்தில் வெள்ளைப் பொட்டு இருக்கிறதா?

பொன்மலைவாசி:
இருக்கிறது. இடது பக்கச் சுருளில், பொடி பூத்த மாதிரி.

டெக்_ரிப்பேர்:
பூஞ்சை. எந்த டெக்கிலும் போடாதீர்கள், ரீவைண்டும் செய்யாதீர்கள். ஒட்டிக்கொண்ட இடத்தில் டேப் அறும், ஹெட்டில் ஏறினால் அடுத்தடுத்த கேசட்டுக்கும் பரவும். சத்தம் பதிவாகியிருப்பது டேப்பின் மேல் ஓரத்தில், ஓரம் கெட்டால் முதலில் போவது அதுதான். பூஞ்சை சுத்தம் செய்து தருகிற ஆளாகத் தேடுங்கள். ஸ்டுடியோவில் கொடுப்பதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பாவம் அவர்கள் டெக்காவது பிழைக்கும்.

எடிட்டர்_மாப்ள:
இதில் மட்டும் அண்ணன் சொல்வதைக் கேளுங்கள். நாற்பது நிமிடம் பற்றி அப்புறம் சண்டை போட்டுக்கொள்வோம்.