140 பக்க ஒப்பந்தம், வேர்டில் பிரிவு தேடியே நேரம் போகிறது. வழி உண்டா?

வரைவுமேசை:
விண்டோஸில் வேர்ட். 32 பிரிவுகள், 6 இணைப்பு அட்டவணைகள். தலைப்புகளைக் கையால் தடிமனாக்கியிருக்கிறார்கள், எண்களும் கையால் அடித்தவை. நேவிகேஷன் பேனைத் (தலைப்புகளை ஓரத்தில் பட்டியலாகக் காட்டும் பலகை) திறந்தால் காலியாக இருக்கிறது. சில இடங்களில் ஹெடிங் ஸ்டைல் கொடுத்துப் பார்த்தேன். தலைப்போடு அதன் கீழ் ஓடும் முழுப் பத்தியும் பேனில் வந்து நிற்கிறது. நடுவில் ஒரு பிரிவு சேர்த்தால் "பிரிவு 14.2-இன்படி" என்பதெல்லாம் தப்பாகிவிடும் என்பது தனிக் கவலை.

ஓரக்குறிப்பு:
எழுத்து தடிமனா, பெரியதா என்பதைப் பேன் பார்ப்பதில்லை. பத்தியின் அவுட்லைன் லெவலைத்தான் (அது எத்தனையாம் அடுக்குத் தலைப்பு என்ற குறியீடு) பார்க்கும். ஹெடிங் ஸ்டைல் கொடுத்தால் அது தானே வந்துவிடும். தலைப்பில் கர்சரை வைத்து கன்ட்ரோல்+ஆல்ட்+1, உட்தலைப்புக்கு 2. அடுத்த தலைப்பில் எஃப்4 அழுத்தினால் கடைசியாகச் செய்தது திரும்ப நடக்கும். 32 தலைப்புக்குப் பத்து நிமிடம் போதும். "ஒரே மாதிரி வடிவமைப்பு உள்ளதைத் தேர்ந்தெடு" வசதியை மட்டும் நம்ப வேண்டாம். வரையறைப் பிரிவில் தடிமனாக இருக்கும் சொற்களையும் அது அள்ளிக்கொண்டு வரும்.

தலைப்பும் வாசகமும் ஒரே வரியில் ஓடுவதுதான் சட்ட ஆவணங்களின் தனித் தொல்லை. தலைப்பு முடியும் இடத்தில் என்டர் தட்டி இரண்டு பத்தியாக்குங்கள். முதலாவதற்கு ஹெடிங் 2, அடுத்ததற்குச் சாதாரண ஸ்டைல். பிறகு தலைப்புப் பத்தியில் கர்சரை வைத்து கன்ட்ரோல்+ஆல்ட்+என்டர். இது ஸ்டைல் செப்பரேட்டர். பக்கத்தில் இரண்டும் மறுபடி ஒரே வரியில் சேர்ந்துவிடும். பேனிலும் பொருளடக்கத்திலும் தலைப்பு மட்டும் வரும்.

டேபிளுக்குள்ளும் டெக்ஸ்ட் பாக்ஸுக்குள்ளும் இருக்கும் தலைப்பு பேனில் வராது. இணைப்பு அட்டவணைகளின் தலைப்பைக் கட்டத்துக்கு வெளியே எடுத்துவிடுங்கள்.

எண்ணாயிரம்:
மேலே சொன்னது முடிந்ததும் எண்களைப் பல அடுக்கு லிஸ்டாக மாற்றி ஹெடிங் ஸ்டைல்களோடு இணையுங்கள். கையால் அடித்த எண்ணை அழிக்க மறந்தால் "14. 14." என்று நிற்கும்.

பிறகு ஒவ்வொரு "பிரிவு 14.2" இருக்கும் இடத்திலும், கையால் அடித்த எண்ணுக்குப் பதில் தானாக மாறும் குறிப்பு வைக்க, ரெஃபரன்சஸ் டேபில் கிராஸ் ரெஃபரன்ஸ், அதில் நம்பர்டு ஐட்டம். எண் வகையில் "முழுச் சூழலுடன்" உள்ளதையே எடுங்கள். இல்லாவிட்டால் 4(2)(அ) என்று வர வேண்டிய இடத்தில் வெறும் (அ) நிற்கலாம். பிரிவு சேர்த்த பின் கன்ட்ரோல்+ஏ, எஃப்9 அழுத்தினால் குறிப்புகள் புது எண்ணுக்கு மாறும். அடிக்குறிப்புக்கு இது போய்ச் சேராது. அதற்குள் கர்சரை வைத்துத் தனியாகச் செய்ய வேண்டும்.

உடைவது எங்கே என்றால்: குறிப்பு சுட்டும் பத்தியின் தொடக்கத்தில் கர்சரை வைத்து என்டர் தட்டுவதில். வேர்ட் அந்தப் பத்தியில் மறைவாக ஒரு புக்மார்க் (இட அடையாளம்) வைத்திருக்கும். என்டர் தட்டியதும் புதுப் பத்தி அதற்குள் மாட்டிக்கொண்டு, குறிப்பு அதைச் சுட்ட ஆரம்பித்துவிடும். முந்தைய பத்தியின் முடிவில் என்டர் தட்டினால் இந்த வம்பு இல்லை. குறிப்பு 0 என்று காட்டினால் சுட்டப்பட்ட பத்தி எண்ணை இழந்துவிட்டது என்று பொருள். பத்தியே அழிந்திருந்தால் எரர் வாசகம் வரும். அனுப்புமுன் "எரர்" என்பதை ஆங்கிலத்தில் ஒருமுறை தேடிவிடுங்கள்.

வரைவுமேசை:
பழைய கையெழுத்துக் குறிப்புகளை (கையால் அடித்தவை என்ற பொருளில்!) எப்படிப் பிடிப்பது?

எண்ணாயிரம்:
ஆல்ட்+எஃப்9 அழுத்தினால் ஃபீல்டுகள் (கிராஸ் ரெஃபரன்ஸ் போல வேர்ட் தானாக நிரப்பும் இடங்கள்) எண்ணுக்குப் பதில் உள்ளே இருக்கும் குறியீட்டு வரியாகத் தெரியும். அந்த நிலையில் "பிரிவு ^#" என்று தேடுங்கள். ^# என்றால் ஏதாவது ஓர் இலக்கம். ஃபீல்டாக மாறியவை சிக்காது, கையால் அடித்தவை மட்டும் சிக்கும். "14-ஆம் பிரிவு" போன்றவற்றுக்கு "^#-ஆம்" என்று இன்னொரு சுற்று. "பிரிவுகள் 4, 7" இரண்டிலும் தப்பும், அதையும் தேடுங்கள். முடிந்ததும் மறுபடி ஆல்ட்+எஃப்9.

இடதுபுறம்:
படிக்கும்போது: குறிப்பின் மேல் கன்ட்ரோல்+கிளிக் செய்து போனால், ஆல்ட்+இடது அம்பு பழைய இடத்துக்குத் திருப்பும். ஆல்ட்+கன்ட்ரோல்+எஸ் திரையை இரண்டாக வெட்டும். மேலே வரையறைகள், கீழே வேலை.

பேனில் தலைப்பை இழுத்துப் போட்டால் உட்பிரிவுகளோடு சேர்ந்து நகரும். டிராக் சேஞ்சஸ் (மாற்றங்களைக் குறித்துக் காட்டும் வசதி) ஓடும்போது மட்டும் வேண்டாம். ஒரு சொல்கூட மாறாத பிரிவு முழுக்க மாற்றமாகக் குறிக்கப்பட்டு, எதிர்த்தரப்பு ஒவ்வொரு வரியாக ஒப்பிட உட்கார வேண்டியிருக்கும்.

பிடிஎஃப் ஆக்கும்போது பிரின்ட் வழியாகப் போகாமல் சேவ் ஆஸ் வழியாகப் போய், ஆப்ஷன்ஸில் ஹெடிங்குகளைக் கொண்டு புக்மார்க் உருவாக்குவதை டிக் செய்யுங்கள். பேனில் இருந்த அதே அடுக்கு பிடிஎஃப்பின் ஓரத்திலும் வரும்.