காப்பகத்திலிருந்து வாடகை அறைக்கு: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி:
வடசென்னையில் வீடற்றோருக்கான காப்பகம் ஒன்றில் தன்னார்வலராக இருக்கிறேன். அங்கு மூன்று ஆண்டுகளாகத் தங்கியிருக்கும் ஐம்பது வயதுக்காரர் ஒருவர், உணவகத்தில் பாத்திரம் கழுவிச் சேமித்த பணத்தில் தனி அறை எடுக்க விரும்புகிறார். ஆனால் முன்பணம், முகவரிச் சான்று என்று கேட்டே எல்லோரும் திருப்பி அனுப்புகிறார்கள். என்ன செய்யலாம்?

பதில் 1:
முதலில் ஆதார் எடுக்க வேண்டும். அதற்கு, அங்கீகாரம் பெற்ற காப்பகத்தின் பொறுப்பாளர் உரிய படிவத்தில் தரும் சான்றிதழை முகவரிச் சான்றாக ஏற்கிறார்கள். முன்பணத்தைப் பொறுத்தவரை, வேறு உடன்பாடு இல்லாதபோது மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்பது 2017ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம்; எனினும் பத்து மாதம் கேட்பது சென்னையின் நெடுநாள் வழக்கம் என்பதால், சட்டத்தைக் காட்டி வாதிடுவதைவிட, தெரிந்தவர் ஒருவரை உடன் அழைத்துச் சென்று பேசிக் குறைப்பதே பலன் தரும்.

பதில் 2:
சாவி கைக்கு வந்த பிறகுதான் உண்மையான வேலை இருக்கிறது. பலரோடு ஒரே கூடத்தில் உறங்கிப் பழகியவருக்குத் தனி அறையின் முதல் சில இரவுகள் கடினமானவை. மின்கட்டணம், சமையல், காய்ச்சல் வந்தால் யாரை அழைப்பது என எல்லாமே புதிது. சென்னையின் தி பான்யன் அமைப்பு 2015இல் தொடங்கிய ‘ஹோம் அகெய்ன்’ திட்டத்தில், மனநலச் சிகிச்சை பெற்றவர்கள் நான்கைந்து பேராகச் சாதாரணத் தெருக்களில் வீட்டைப் பகிர்ந்து வாழ்கிறார்கள். உதவியாளர்களும் துணை நிற்கிறார்கள். நீங்கள் சொல்பவருக்கு அவ்வளவு துணை தேவைப்படாது என நினைக்கிறேன். ஆறு மாதமாவது வாரம் ஒருமுறை சென்று பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. காப்பகத்தில் அவருக்கு நெருங்கிய நண்பர் ஒருவர் உண்டு. இருவரும் சேர்ந்து அறை எடுக்கச் சம்மதமா என்று அவரிடமே கேட்கிறேன்.