கிறிஸ்துமஸ் இலவசக் கச்சேரி: ஆலயத்தில் பாட்டின் சொற்கள் தெளிவாகக் கேட்க என்ன செய்யலாம்?

கடைசிவரிசை (கேள்வி):
அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஆலயப் பாடகர் குழுவின் சார்பில் கிறிஸ்துமஸ் வாரத்தில் ஒரு மாலை, யார் வேண்டுமானாலும் கட்டணமின்றி வந்து கேட்கும்படி, ஒரு சோப்ரானோ (பெண்களின் உச்சத்தாயிக்) குரலும் ஒரு பியானோவும் மட்டும் கொண்ட கச்சேரியை நடத்தவிருக்கிறோம். சென்ற ஆண்டும் நடத்தினோம். பாடியவர் ஒரு குறையும் வைக்கவில்லை; ஆனால் கற்சுவரும் உயர்ந்த கூரையுமான கட்டடத்தில் ஒலி ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்துவிட்டது. கடைசி வரிசையில் இருந்த மூதாட்டி ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாட்டு காதில் விழுந்தது தம்பி, வார்த்தைதான் விழவில்லை" என்றார். ஓராண்டாகியும் அது என் மனத்தை விட்டு அகலவில்லை. பியானோவின் மூடியை அடைத்துவிடலாமா, மைக் வைக்கலாமா, பாடல்களையே மாற்ற வேண்டுமா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

கறுப்புவெள்ளை:
ஐயா, பல ஆண்டுகளாக ஆலயங்களில் பியானோ வாசிப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். முதலில் காலி ஆலயத்தின் நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கைதட்டி, அந்த ஓசை முற்றிலும் அடங்க எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணிப் பாருங்கள். மூன்று நொடியைத் தாண்டினால், மைக் வைப்பது பெரும்பாலும் சிக்கலைக் கூட்டவே செய்யும். ஒலிபெருக்கியின் ஓசையும் அதே கூரையில் மோதித்தான் திரும்பும். மூடியை முழுவதும் அடைக்காதீர்கள். அடைத்தால் தெளிவு போய், அடிச் சுரங்களின் முழக்கம் மட்டும் மிஞ்சும். சிறிய தாங்குகோலில் திறந்து வைப்பதே நல்லது. பியானோவைப் பலிபீடத்தின் உட்குழிவிலிருந்து முன்னே இழுத்து, பாடுபவரை அதன் வளைவுக்கு முன்னால் நிறுத்துங்கள். வாசிப்பவர் இடக்கையை மென்மையாக்கி, ஒலியை நீளவைக்கும் பெடலைச் சிக்கனமாக மிதிக்க வேண்டும். உயிரொலிகள் தாமாகவே தூரம் போகும். சொல்லைச் சொல்லாக்கும் மெய்யொலிகள்தாம் வழியில் தேய்ந்துவிடுகின்றன. ஆகவே பாடுபவர் சொல்லின் ஈற்று மெய்யை முடித்துவிட்டு, ஒரு மூச்சு பொறுத்து அடுத்த அடியைத் தொடங்கட்டும். ஒத்திகையில் கேட்கும் முழக்கத்தைக் கண்டு அஞ்ச வேண்டாம். மக்கள் வந்து நிறைந்தால் அவர்களும் அவர்களது உடைகளும் ஒலியின் ஒரு பங்கை உறிஞ்சிக்கொள்வார்கள்.

மார்கழிக்குரல்:
பாடல் தேர்வே பாதி வேலை என்பது என் கருத்து. ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக் 1722-இல் தொகுத்த முன்னிசை (பிரெலூட்) ஒன்றின்மேல் பிற்காலத்தில் பிரெஞ்சு இசையமைப்பாளர் குனோ மெட்டமைத்த 'ஆவே மரியா'வை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பியானோவின் இசைவு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டம்) தாளக்கட்டுக்கு ஒருமுறைதான் மாறுகிறது. உதிர்ந்து விழும் சுரங்கள் முழக்கத்தில் கலந்தாலும் அதே இசைவைத்தான் நிறைக்கும். கற்கட்டடத்துக்கென்றே செய்ததுபோல் இருக்கும். மாக்ஸ் ரெகெரின் 'மரியாளின் தாலாட்டு' (1912) மெதுவானது, எளியது, அதுவும் பொருந்தும். பீட்டர் கொர்னேலியுஸின் 'மூன்று அரசர்கள்' (1856) எனக்கு மிகப் பிடித்த பாட்டு. குரல் ஒரு மெட்டில் ஞானிகளின் பயணத்தைச் சொல்ல, அடியில் பியானோ 1599-இல் அச்சான ஒரு பழைய பக்திப்பாடலை வாசிக்கும். அந்த இரண்டும் தனித்தனியே கேட்காவிட்டால் பாட்டே வீணாகிவிடும். உங்கள் ஆலயத்தில் வாசித்துப் பார்த்த பின்பே அதைச் சேருங்கள்.

'அமைதி இரவு' பாடலைக் கடைசியில் வைத்து மக்களையும் சேர்ந்து பாடச் செய்யலாம். 1818 டிசம்பர் 24 அன்று ஆஸ்திரியாவின் ஓபர்ன்டோர்ஃப் ஊர் ஆலயத்தில் இரண்டு குரல்களும் ஒரு கிதாருமாகத்தான் அது முதலில் ஒலித்தது; பியானோவும் அந்த அளவுக்கே தணிந்து ஒலிக்கட்டும். பிறமொழிப் பாடல்களின் பொருளை ஒரு தாளில் அச்சிட்டுக் கொடுத்து, அதைப் படிக்கும் அளவுக்கு விளக்கை விட்டு வையுங்கள்.

சுருதிசேர்ப்பவர்:
ஒரே ஒரு வேண்டுகோள். பியானோவை இடம் மாற்றிய பிறகு சுருதி சேருங்கள். அதற்கு முன்பு வேண்டாம். கட்டடத்தின் வெப்பமும் ஈரமும் கச்சேரி நேரத்தில் எப்படியிருக்குமோ, அப்படியே அப்போதும் இருக்கட்டும். காற்றின் ஈரம் மாறினால், கம்பிகளின் அதிர்வை ஒலியாக்கும் மரத்தாலான ஒலிப்பலகை உப்பும் அல்லது சுருங்கும், இருநூறுக்கும் மேற்பட்ட கம்பிகளின் இழுவிசையும் அதனோடு மாறும். மேலும், இலவசக் கச்சேரி என்பதால் இடையிடையே மக்கள் வருவார்கள். பாடல்களை மூன்று மூன்றாகத் தொகுத்து, அவற்றின் இடைவெளியில் மட்டும் கதவைத் திறக்க ஒருவரை நிறுத்துங்கள்.

கடைசிவரிசை:
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று காலை கைதட்டிப் பார்த்தேன். ஓசை அடங்க ஏறக்குறைய நான்கு நொடி ஆயிற்று. மைக் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம். 'மூன்று அரசர்கள்' பாடலை வரும் ஞாயிறு ஆராதனைக்குப் பின் பாடிப் பார்க்கவிருக்கிறோம். அந்த அம்மையாரைக் கடைசி வரிசையில் அதே இடத்தில் அமர்ந்து கேட்கும்படி அழைத்திருக்கிறேன்.