எலெக்ட்ரிக் ஃபேன் மாட்டிய பிக்கப்: ஏசி போட்டு நின்றால் சூடு ஏறுது

1992 மாடல் பெட்ரோல் பிக்கப், 4 லிட்டர், 6 சிலிண்டர். ரேடியேட்டருக்குக் காற்று இழுக்கும், எஞ்சினே சுற்றும் கிளட்ச் ஃபேனைக் கழற்றி 16 இஞ்ச் எலெக்ட்ரிக் ஃபேன் மாட்டி மூணு வாரம். ஓட்டத்தில் 90 டிகிரி தாண்டாது. ஏசியோடு ஐடிலில் (ஆக்சிலரேட்டர் மிதிக்காமல் எஞ்சின் ஓட) நின்றால் பத்தே நிமிஷத்தில் 108.

காற்று எஞ்சின் பக்கம்தான் இழுக்குது, ஷ்ரவுடில் (ஃபேனைச் சுற்றிய கூடு) இடைவெளி இல்லை. 82 டிகிரியில் கூலண்டைத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட் புதுசு, கூலண்டில் சிக்கிய காற்றையும் (ஏர்லாக்) எடுத்தாச்சு. ஃபேனுக்கு 40 ஆம்பியர் ரிலே (மின் சுவிட்ச்), எர்த் நேரே பேட்டரிக்கு.

உறுத்துவது இதுதான்: ஐடிலில் ஃபேன் முனையில் 11.9 வோல்ட், பேட்டரியிலேயே 12.1தான். அதனால் வயரிங் மேல் சந்தேகமில்லை. 1500 ஆர்பிஎம்மில் 13.8 வருது, சூடும் இறங்குது (வாட்டர் பம்பும் அப்போது வேகமாகச் சுத்துமே!). ஆல்டர்னேட்டர் (எஞ்சின் சுற்ற மின்சாரம் தருவது) பழைய 60 ஆம்பியர்.

ஐடிலில் அதிகம் தரும் ஆல்டர்னேட்டர் போட்டால் போதுமா, இல்லை இரட்டை ஃபேனுக்கே போகணுமா?