முதல் முறை பற்றவைத்ததுமே சுங்கானின் பூச்சு கொப்புளிக்கிறது: அவசர உதவி தேவை

லியோன்வாசி:
வணக்கம். கையால் ஒரு சுங்கான் (மரப் புகைக்குழாய்) செய்தேன். பார்வைக்கு நன்றாகத்தான் வந்தது. நேற்று முதன்முதலாகப் புகையிலை நிரப்பிப் பற்றவைத்தேன். பாதிகூட எரியவில்லை, கிண்ணத்தின் வெளிப்பக்கம் கடுகு கடுகாகக் கொப்புளம் கிளம்பிவிட்டது. தொட்டால் பிசுபிசுக்கிறது, விரல் ரேகை அப்படியே பதிகிறது. ஞாயிற்றுக்கிழமை மாமாவுக்கு அறுபதாம் கலியாணம். அவருக்குக் கொடுக்கத்தான் செய்தேன். மேலே இன்னொரு கை பூசினால் அடங்கிவிடுமா? தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

மரத்தூள்:
என்ன மரம்? என்ன பூச்சு? எத்தனை கை பூசினீர்கள், எவ்வளவு நேரம் காயவிட்டீர்கள்? சாயம் ஏதாவது போட்டீர்களா? இவை தெரியாமல் யாரும் எதையும் சொல்ல முடியாது. இன்னொரு கை மட்டும் பூசிவிடாதீர்கள். வெளிச்சத்தில் வைத்து ஒரு படம் போடுங்கள்.

கோவை ரம்பம்:
எனக்கு மரத்தின் மேல்தான் சந்தேகம். ஈரம் காயாத கட்டையில் செய்தால் இப்படித்தான் ஆகும். உள்ளே நெருப்பு விழுந்ததும் ஈரம் வெளியே தள்ளும், பூச்சு தூக்கும். சுங்கானுக்கு வழக்கமாக எடுக்கும் பிரையர் என்பது செடியின் தண்டு அல்ல, வேருக்கும் தண்டுக்கும் இடையில் திரளும் முண்டு. தோண்டி எடுத்ததும் வெடித்துவிடாமல் ஈரத்திலேயே வைத்திருந்து அறுப்பார்கள். பிறகு 12 மணி நேரம் வரையிலும், சில இடங்களில் அதற்கு மேலும் நீரில் கொதிக்கவைத்துக் கசப்பை இறக்குவார்கள். அதன் பின்னும் மாதக்கணக்கில் நிழலில் கிடக்க வேண்டும். உங்கள் கட்டைக்கு இதெல்லாம் நடந்ததா? சமையலறைத் தராசில் சுங்கானை நிறுத்துப் பாருங்கள். நாளுக்கு நாள் எடை குறைந்தால் ஈரம் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம்.

நல்லூரான்:
ஆளிவிதை எண்ணெய் தேய்த்திருப்பீர்கள். பச்சை எண்ணெய் உலர வாரங்கள் ஆகும். மேல் தோல் மட்டும் காய்ந்து, அடியில் எண்ணெயாகவே இருக்கும். சூடு பட்டதும் அது குமிழ்விடும். பிசுபிசுப்பு என்று நீங்கள் சொன்னதுமே எனக்கு விளங்கிவிட்டது.

பழைய உளி:
எண்ணெய் தேய்த்தேன் என்று அவர் எங்கேயும் சொல்லவில்லை. ஈரக் கட்டை என்றும் சொல்லவில்லை. இந்தப் பகுதியில் இதே கேள்விக்கு நான் பல முறை விரிவாகப் பதில் எழுதியிருக்கிறேன், தேடிப் படிக்க ஒருவருக்கும் பொறுமை இல்லை. தம்பி, சுங்கான் என்பது அலமாரி அல்ல. நாற்காலிக்கும் கதவுக்கும் அடிக்கும் வார்னிஷை நெருப்பு வைக்கும் பொருளின் மேல் அடித்தால் கொப்புளிக்காமல் என்ன செய்யும்? அடிப்படை தெரியாமல் உளியைத் தொடக் கூடாது. டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் சொல்லுங்கள்.

லியோன்வாசி:
பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. மரம் பிரையர்தான். இங்கே பிரான்சில், சான் குளோத் என்ற ஊர்ப் பக்கம் ஒரு பழம்பொருள் சந்தையில் வாங்கிய கட்டை. எவ்வளவு பழையது என்று விற்றவருக்கே தெரியவில்லை. சாயம், தோலுக்குப் போடும் ஸ்பிரிட் சாயம், கபில நிறம். அதன் மேல் வார்னிஷ் மூன்று கை. கட்டடப் பொருள் கடையில் எடுத்த டப்பா, எண்ணெய் ஒழுகி லேபிளே தெரியவில்லை. எண்ணெய் எதுவும் தேய்க்கவில்லை. வேலை நேரம், படம் இரவுதான் போட முடியும்.

யூரா மலையான்:
சான் குளோத் கட்டை என்றால் கவலைப்படும்படி பெரிதாக எதுவும் இருக்காது. நான் அந்த ஊருக்கு ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கிறேன். 1850களில் பிரையர் வருவதற்கு முன்பே பாக்ஸ்வுட் என்னும் கெட்டி மரத்தில் கடைசல் வேலை செய்துவந்த ஊர் அது. சுங்கான் பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடிய பின், முழுமையாகக் கொதிக்கவைத்துக் காயவைத்த கட்டைகள் வீட்டுக்கு வீடு மூட்டையாகக் கிடந்து சந்தைக்கு வருகின்றன. நேரம் கிடைத்தால் அங்கே சுங்கானுக்கும் வைரத்துக்கும் சேர்த்து இருக்கும் அருங்காட்சியகத்தைப் போய்ப் பாருங்கள். கட்டை சுங்கானாக மாறும் படிகளை அங்கே கண்ணால் பார்த்துவிட்டால் பாதி சந்தேகம் தீர்ந்துவிடும்.

கோவை ரம்பம்:
பழைய கட்டையும் ஈரமான நிலவறையில் கிடந்தால் ஈரம் இழுக்கும். தராசை மறக்காதீர்கள்.

டொரான்டோ தச்சன்:
வேகமாக இழுத்தீர்களா? புதுச் சுங்கானை அப்படி இழுக்கக் கூடாது. பாதிக் கிண்ணம் நிரப்பி, மெதுவாக, அணையும் அணையாமலும் பிடிக்க வேண்டும். கிண்ணத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள், வைத்திருக்க முடியவில்லை என்றால் சூடு அதிகம். பூச்சைக் குறை சொல்வதற்கு முன் இதையும் பார்க்க வேண்டும்.

பழைய உளி:
நல்ல பூச்சு வேகமாக இழுத்தாலும் கொப்புளிக்காது. கார்னபா மெழுகு 80 பாகை செல்சியஸுக்கு மேல்தான் உருகும். அதனால்தான் உலகம் முழுவதும் சுங்கான்காரர்கள் அதை வைத்திருக்கிறார்கள். தேன்மெழுகு 62, 63இலேயே இளகிவிடும், கையில் ஒட்டும். மரம் தெரிய வேண்டும், சூடு வெளியே போக வேண்டும். கண்ணாடி போட்டு மூடினதுபோல் பளபளக்க வேண்டும் என்று ஆசைப்பட்டால் வேறு பொருள் செய்யலாம்.

கடைசல்காரி:
எல்லோரும் ஒரு விஷயத்தைக் கேட்கவில்லை. கொப்புளம் சுற்றிலும் வந்ததா, ஒரு பக்கமா? அடியிலா, விளிம்பு ஓரத்திலா?

லியோன்வாசி:
இப்போதுதான் விளக்கைப் போட்டுப் பார்த்தேன். பெரும்பாலும் முன்பக்கம், வலப்புறமாக. பின்பக்கம், தண்டோடு சேரும் இடத்தில் ஒன்றும் இல்லை. படம் மங்கலாக வருகிறது, மன்னிக்கவும்.

கடைசல்காரி:
அப்படியானால் பூச்சு ஒன்றுதான் காரணம் என்று நிறுத்திவிடாதீர்கள். கிண்ணத்தின் சுவர் அந்தப் பக்கம் மெலிந்திருக்கிறதா என்று பாருங்கள். வெர்னியர் அளவியின் ஒரு தாடையைக் கிண்ணத்துக்குள்ளும் மறு தாடையை வெளியேயும் வைத்து நான்கு பக்கமும் எடுங்கள். மேல் விளிம்பில் ஒரு முறை, உள்ளே எட்டும் வரை இறக்கி ஒரு முறை. கையால் பிடித்துத் துளைத்திருந்தால் அலகு மரத்தின் மென்மையான பக்கம் ஓடியிருக்கும். மேலே சரியாக இருந்து கீழே போகப் போக விலகும். 6 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் பயமில்லை.

நல்லூரான்:
எண்ணெய் இல்லை என்கிறார், சரி. ஆனால் எண்ணெயைத் தப்பான பொருள்போல் பேச வேண்டாம். பெயர்பெற்ற ஆங்கிலேயச் சுங்கான் நிறுவனமான டன்ஹில்காரர்கள் எண்ணெயில்தான் பதப்படுத்தினார்கள்.

யூரா மலையான்:
அண்ணா, அவர்கள் ஊறவைத்ததோடு விடவில்லை. பிறகு நாட்கணக்கில் சூடாக்கி அந்த எண்ணெயை வியர்க்கவைத்து வெளியேற்றினார்கள். மேலே வந்ததைத் துடைத்துத் துடைத்து எடுத்தார்கள். எண்ணெயை மரத்துக்குள் விட்டுவைப்பதும் அதுவும் ஒன்றல்ல.

டொரான்டோ தச்சன்:
சுவர் மெலிந்திருந்தால் உள்ளே கரிப்பூச்சு கொடுங்கள். நீர்க்கண்ணாடி, அதாவது சோடியம் சிலிக்கேட் கரைசலில் கரித்தூளும் கொஞ்சம் சாம்பலும் குழைத்து மெல்லியதாகப் பூசிக் காயவிட்டால் கல்போல் இறுகிவிடும். நெருப்பு மரத்தைத் தொடாது.

மரத்தூள்:
அதை நான் ஏற்கமாட்டேன். நீர்க்கண்ணாடி பூசினால் மரம் ஈரத்தை உறிஞ்சாது. பிரையரின் ஒரு சிறப்பே அது உறிஞ்சும் என்பதுதானே? தயிரிலோ மோரிலோ கரித்தூளைக் குழைத்துப் பூசுங்கள். நெருப்புப் பட்டதும் அது தானாகவே முதல் கரிப்படலமாகிவிடும்.

டொரான்டோ தச்சன்:
தயிர்ப்பூச்சு முதல் சில கிண்ணங்களில் உதிர்ந்து வாய்க்குள் வரும். எனக்கு வந்திருக்கிறது.

மரத்தூள்:
தடிமனாகப் பூசினால் வரும். காயவிடாமல் பற்றவைத்தால் வரும். நான் செய்தவற்றில் வந்ததில்லை.

பழைய உளி:
இரண்டும் வேண்டாம். நல்ல மரத்துக்கு உள்ளே எதையும் பூசுவது அதை அவமதிப்பது. பொறுமையாகப் புகைத்தால் கரிப்படலம் தானாகப் படியும். ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர் வந்ததும் அதற்கு மேல் வளராமல் சுரண்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் விரிந்து கிண்ணத்தையே பிளக்கும். பூச்சு என்பது துளையை மறைக்க வியாபாரிகள் கண்டுபிடித்த வழி.

டொரான்டோ தச்சன்:
ஐயா, பெயர்பெற்ற கைவினைஞர்களே உள்ளே பூசித்தான் விற்கிறார்கள். வாங்குகிறவர் முதல் கிண்ணத்திலேயே எப்படி இழுப்பார் என்று செய்தவருக்குத் தெரியாது. மாமாவுக்குப் போகப்போகும் சுங்கானுக்கு அந்தப் பாதுகாப்பு வேண்டாமா?

கோவை ரம்பம்:
இதையெல்லாம் விட்டுவிட்டு நம் ஊர் ஈட்டி மரத்தில் செய்யலாமே? அடர்த்தி அதிகம், சாயமே வேண்டாம்.

கடைசல்காரி:
வேண்டாம். ஈட்டியின் தூள் பலருக்குத் தோலில் தடிப்பும் மூச்சில் ஒவ்வாமையும் தரும். அதற்குள் நெருப்பு வைத்து வாயால் இழுப்பதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். ஈட்டி சேர்ந்த டல்பெர்ஜியா பேரினம் முழுவதும் 2017 முதல் சைட்டிஸ் என்ற, அருகிவரும் உயிரின வணிகத்துக்கான பன்னாட்டு ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது, நாடு விட்டு நாடு அனுப்ப அனுமதிப் பத்திரம் வேண்டும். தோட்டத்து மரம்தானே என்று அரளி போன்றவற்றில் கை வைப்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: நஞ்சுள்ள செடி எதையும் இந்த வேலைக்கு எடுக்காதீர்கள். பிரையர் கிடைக்காவிட்டால் காய்ந்த செர்ரி, பேரி, ஆலிவ் போதும்.

லியோன்வாசி:
அளந்தேன். பின்பக்கம் 7, இடப்பக்கம் 6, முன்பக்கம் வலப்புறம் மேலே 5, கீழே இறக்கினால் 3.5. கொப்புளம் சரியாக அந்த இடத்தில்தான். எடை நேற்றைக்கும் இன்றைக்கும் மாறவில்லை. இனி என்ன செய்வது? பூச்சு என்ன வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கடைசல்காரி:
எடை மாறவில்லை என்பது நல்லது. ஆனாலும் இரண்டு எடைகளை வைத்து முடிவுகட்ட வேண்டாம். வார்னிஷ் மூடிய மரத்திலிருந்து ஈரம் மெதுவாகத்தான் இறங்கும். தேய்த்தெடுத்த பிறகு மறுபடி நிறுத்துப் பாருங்கள்.

பூச்சைக் கண்டறிய, தண்டின் அடிப்பக்கம் கண்ணில் படாத இடமாகப் பாருங்கள். காது துடைக்கும் பஞ்சுக் குச்சியை மெத்திலேட்டட் ஸ்பிரிட்டில் தோய்த்து அரை நிமிடம் வைத்து அழுத்துங்கள். மேற்பரப்பு இளகிப் பஞ்சு ஒட்டினால் அவலரக்கு (ஷெல்லாக்). ஒட்டாவிட்டால் லாக்கர் என்ற பளபளப்புப் பூச்சைக் கரைக்கும் தின்னரில் அதே சோதனை. அதில் கரைந்தால் லாக்கர். இரண்டிலும் கரையாமல் நின்றால் அநேகமாகப் பாலியூரித்தேன் வகை, அதைத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். பூச்சில் விரிசல் இருந்தால் அதன் வழியாக ஸ்பிரிட் சாயத்தைத் தொட்டுப் பஞ்சில் நிறம் ஏறும். நிறம் ஏறுவதை வைத்துப் பூச்சு கரைந்தது என்று எண்ணிவிடாதீர்கள், ஒட்டுகிறதா என்பதை மட்டும் பாருங்கள்.

பெயின்ட் நீக்கி திரவம் எதையும் ஊற்ற வேண்டாம். அது மரத்துக்குள் இறங்கும், நாளை அதற்குள்தான் நெருப்பு வைப்பீர்கள். 220 உப்புத்தாளில் தொடங்குங்கள். முன்பக்கத்தில் மட்டும் 320, ஏற்கெனவே மெலிந்த சுவரை இன்னும் மெலியவைக்கக் கூடாது. பிறகு 400, 600. தேய்க்கும்போது வாய்க்குழலைக் கழற்றாதீர்கள். கழற்றிவிட்டுத் தேய்த்தால் தண்டின் விளிம்பு உருண்டுவிடும், பிறகு மாட்டும்போது இணைப்பில் ஒரு பள்ளம் தெரியும், அதை மறைக்கவே முடியாது. ஒவ்வொரு தாளுக்கும் பிறகு ஈரத் துணியால் ஒரு முறை துடைத்துக் காயவிடுங்கள், எழும்பும் மர நார்களை அடுத்த தாள் எடுத்துவிடும்.

சாயம் மறுபடி போட்டால் ஸ்பிரிட் துணியால் துடைத்துக்கொண்டே இருங்கள். துணியில் நிறம் வருவது நின்ற பிறகுதான் மெழுகு. திரிபோலி என்ற மெருகூட்டும் பசைக்கு ஒரு துணிச் சக்கரம், கார்னபாவுக்கு வேறு சக்கரம். ஒன்றில் மற்றதைத் தொடாதீர்கள். கார்னபா கையால் தேய்த்து ஏறாது, சக்கரத்தின் உராய்வுச் சூட்டில்தான் இளகிப் படியும். சுங்கானை ஒரே இடத்தில் நிறுத்தாதீர்கள், கோடு விழும்.

டொரான்டோ தச்சன்:
அந்த 3.5 பக்கத்துக்காகவாவது நீர்க்கண்ணாடி.

மரத்தூள்:
தயிர்.

பழைய உளி:
3.5 இருக்கும் சுங்கானைப் பரிசாகக் கொடுக்கக் கூடாது. சுவரில் எரிந்து ஓட்டை விழுந்தால் மாமா என்ன நினைப்பார்? அலமாரியில் வைக்கும் பொருளாகக் கொடுங்கள், அல்லது வேறு கட்டை எடுத்துப் புதிதாகச் செய்யுங்கள். இந்த முறை துளையை முதலில் போட்டுவிட்டு, துளையைச் சுற்றி வெளி வடிவத்தைச் செதுக்குங்கள். நான் தொடக்கத்திலேயே சொல்லியிருப்பேன், யாராவது கேட்டிருந்தால்.

யூரா மலையான்:
ஐயா சொன்ன கடைசி யோசனை சரியானது, துளைக்குப் பிறகுதான் வடிவம். ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்குள் புதிதாக முடியாது. தம்பி, என்னிடம் காய்ந்த கட்டைகள் இருக்கின்றன, லியோன் வரும்போது ஒன்று கொண்டுவந்து தருகிறேன். தனிச்செய்தி அனுப்புங்கள்.

லியோன்வாசி:
ஸ்பிரிட்டிலும் தின்னரிலும் ஒட்டவில்லை. தேய்த்தெடுத்துவிட்டேன். 320இலேயே மரத்தின் ரேகை முன்பைவிடத் தெளிவாக வந்தது. எடை அப்படியே இருக்கிறது. சாயம் மறுபடி போடவில்லை. நண்பரின் பட்டறையில் கார்னபா ஏற்றினோம். மாமாவிடம் கொடுத்தாயிற்று. எல்லோருக்கும் நன்றி.

கடைசல்காரி:
மகிழ்ச்சி. முன்பக்கம் தேய்த்த பிறகு எவ்வளவு மிஞ்சியது? உள்ளே ஏதாவது பூசினீர்களா? மாமா அதில் புகைக்கிறாரா? 3 மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால் பற்றவைக்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிடுங்கள்.

டொரான்டோ தச்சன்:
எனக்கும் அதுதான் தெரிய வேண்டும். நீர்க்கண்ணாடியா, தயிரா?

நல்லூரான்:
லியோன்வாசி, பார்த்தால் பதில் எழுதுங்கள்.